வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய படிவம்

அன்புள்ள வசந்தி,

பொங்கலன்று நீ அனுப்பிய குரல் செய்தியை அன்றே கேட்டுவிட்டேன். பதில் போட இத்தனை மாதம் ஆகிவிட்டது. திட்டு, கேட்டுக்கொள்கிறேன். உன் கறிவேப்பிலைச் செடி பெர்த் குளிரைத் தாங்கியதா? படம் எதுவும் வராததால் மூன்றாவது செடியும் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறார்.

சின்னவனைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை ஒலியாக்கிப் படிப்பதில் வரும் குறைபாடு, என்று உறுதியாகிவிட்டது.

நீ பதறாதே. நான் பதற வேண்டியதெல்லாம் பதறி முடித்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

தொடக்கநிலை 1 ஆரம்பித்த சில வாரங்களிலேயே எல்லாப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பையும் பார்க்கிறார்கள். எழுத்து தெரிகிறதா, ஒலி தெரிகிறதா, சின்னச் சின்னச் சொற்களைப் படிக்க வருகிறதா என்று. பின்தங்கியவர்களைக் கற்றல் ஆதரவுத் திட்டத்தில் சேர்க்கிறார்கள். தினம் அரை மணி நேரம், எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை. இவனையும் சேர்ப்பதாகக் கடிதம் வந்தது. அதை நான் யாரிடமும் காட்டவில்லை, வசந்தி. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் ஆங்கிலம் வரவில்லை என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, ஆறு மாதம் அவனிடம் ஆங்கிலம் மட்டும் பேசினேன். அவனும் அத்தையிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். அத்தை ஒன்றும் சொல்லாமல் பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்வார். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

தொடக்கநிலை 2 முடிவிலும் அவனால் சரளமாகப் படிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளை அந்தக் கட்டத்தில் டிஸ்லெக்சியாவுக்காகத் தனியாகச் சோதிக்கிறார்கள். பள்ளியின் சிறப்புத் தேவை அதிகாரி எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். "இரண்டு வருஷம் ஏன் காத்திருந்தீர்கள்?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. ஆறு வயதில் படிக்கத் திணறும் பிள்ளைகள் நிறைய. சொல்லிக் கொடுத்தால் பலர் பிடித்துக்கொள்வார்கள். நன்றாகச் சொல்லிக் கொடுத்த பிறகும் ஒட்டவில்லை என்றால்தான் அது வேறு விஷயம் என்று தெரியும் என்றார். நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு வருஷமும் நான் அவனைச் "சோம்பேறி" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்தக் கணக்கு எந்த அறிக்கையிலும் வராது.

அப்புறம் உளவியலாளர். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்தாயிற்றா என்று கேட்டார்கள். அந்தக் கோளாறு இருந்தாலும் படிப்பு திணறும் அல்லவா? எனக்கும் வகுப்பாசிரியைக்கும் ஆளுக்கொரு கேள்வித்தாள். குழந்தை எப்போது பேசினான், வீட்டில் யாருக்காவது படிப்பதில் சிரமம் இருந்ததா என்றெல்லாம். சோதனையின்போது என்னை உள்ளே விடவில்லை. வெளியே வந்தவன் ஜாலியாகச் சொன்னான்: கட்டைகளை வைத்துப் படத்தில் இருப்பதுபோல் அடுக்கினானாம், எண்களைக் கேட்டுப் பின்னாலிருந்து திருப்பிச் சொன்னானாம், அர்த்தமே இல்லாத சொற்களைப் படித்தானாம். அந்த அர்த்தமில்லாத சொற்கள்தான் முக்கியம் என்று பிறகு புரிந்தது. மனப்பாடம் செய்த சொல்லைப் பார்த்தவுடன் ஒப்பித்துவிடலாம். இதுவரை பார்க்காத சொல்லை எழுத்தெழுத்தாக ஒலியாக்கித்தான் தீர வேண்டும். அங்கேதான் இவன் விழுகிறான்.

அறிக்கையில் 100 என்பது நடுமட்டம். 85க்கும் 115க்கும் நடுவில்தான் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வருவார்களாம். இவனுடைய சொல்லறிவும் யோசித்துப் பதில் சொல்வதும் நடுமட்டத்துக்கு மேலே. கேட்டதை மனத்தில் பிடித்து வைப்பதும் வாசிப்பும் கீழே. அந்தத் தாளை இவர் மூன்று முறை படித்துவிட்டு, "புத்திசாலிப் பையன்" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அத்தை வேறு மாதிரி பயந்தார், "சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களா?" என்று. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளில் சுமார் 80 விழுக்காட்டினர் சாதாரணப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள், இவனும் அதே வகுப்பில்தான் இருப்பான் என்று சொல்லிப் புரியவைத்தேன். இந்த வருஷம் வாரத்தில் நான்கு முறை சின்னக் குழுவில் வாசிப்புப் பயிற்சி. போய் வருகிறான். பிடித்திருக்கிறது என்கிறான்.

வசந்தி, முத்து ஞாபகம் வருகிறது. யீஷூனில் நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தடவை கேட்ட வில்லுப்பாட்டை முழுசாகத் திருப்பிப் பாடுவானே, அதே முத்து. வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். நாமும் சிரித்தோம். நீயும் நானும்தான். தொடக்கநிலை 5இல் அவனைப் படிப்பில் பின்தங்கியவர்களுக்கான இஎம்3 பிரிவில் போட்டார்கள். அதற்குப் பிறகு நம்மோடு விளையாட வரவில்லை. இங்கே டிஸ்லெக்சியா சங்கம் 1991இல் தொடங்கியது. அந்த வருஷம் நாம் மூவரும் தொடக்கநிலை 3. இவன் இப்போது இருக்கும் அதே வகுப்பு. முத்துவின் கண்ணையோ காதையோகூட யாரும் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இஎம்3 2008இல் ஒழிந்தது. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரியுமா? உன் அண்ணனுக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டுச் சொல்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பது தமிழ். இந்த அறிக்கையை வைத்துத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். படிவம் மேசைமேல் கிடக்கிறது. இவர் கேட்போம் என்கிறார்: பிள்ளைக்கு ஒரு பாரம் குறையும், அந்த நேரத்தில் ஆங்கிலமும் கணக்கும் படிக்கலாம். விலக்குப் பெற்றவர்களுக்குத் தொடக்கநிலை இறுதித் தேர்வில் தாய்மொழிக்கு 6 முதல் 8 வரை ஒரு தரநிலையை (1தான் உயர்ந்தது, 8 கடைசி), மற்றப் பாடங்களின் மதிப்பெண்ணைப் பார்த்து அவர்களே போட்டுவிடுகிறார்கள். இவர் அதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தப்பான கணக்கு இல்லை.

ஆனால் எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சோதனை எல்லாமே ஆங்கிலத்தில். அவ்வளவு பெரிய அறிக்கையில் "வீட்டுமொழி: தமிழ்" என்று ஒரே ஒரு வரி. அவன் தமிழில் எப்படிப் படிக்கிறான் என்று பார்த்த ஒரே ஆள் அவனுடைய தமிழாசிரியை. அவர்தான் தொடக்கநிலை 2லேயே பயிற்சி நூலில் எனக்கு எழுதினார்: "கதை சொல்லச் சொன்னால் வகுப்பில் முதல் ஆள். படிக்கும்போது கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்தை விட்டுவிடுகிறான்." நான் அதைக் குறையாக எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இப்போது கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன். ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறான். தமிழில் ஊகிப்பதில்லை, மெல்ல மெல்ல ஏறுகிறான், பெரும்பாலும் சரியாகவே வந்து சேர்கிறான். "கொ" வந்தால்தான் தடுமாற்றம். கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. எந்தப் பிள்ளைக்கும் அது குழப்பம்தான், இவனுக்கு இரட்டிப்பு.

அவன் நன்றாகச் செய்கிற ஒரு விஷயம் தமிழில் பேசுவது. அத்தையோடு ராத்திரி கதை பேசுகிறான், திரும்பவும். அதை ஒரு கையெழுத்தில் எப்படி விடுவது? தொடக்கநிலை 5இல் அடிப்படைத் தமிழ் என்ற எளிதான பாடத்தை எடுக்கும் வழி இருக்கிறது. அதுவரை தாங்குவோம் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை. நான் பிடிவாதம் பிடிப்பது பிள்ளைக்காகவா எனக்காகவா என்று நீதான் ஒளிக்காமல் சொல்வாய். பத்து வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நீ.

இன்னொன்று. மணலில் எழுத்து எழுதிப் பழக்க ஒரு தட்டும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளும் வைத்திருந்தாயே. எதையும் தூக்கிப் போடாதவள், அவை இன்னும் உன் கராஜில் எங்காவது இருக்கும். உயிர்மெய் வரிசை மட்டும் போதும், தபால் செலவு என்னுடையது. படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் ராத்திரி கூப்பிடு. ஒன்பது மணிக்கு மேல் என்றால் அவன் தூங்கியிருப்பான், தாராளமாகப் பேசலாம்.

அன்புடன்,
கலா