அதே பாதை, அதே நடை, மூன்று விதமான கலோரி: உங்கள் வாட்ச் குறித்து ஒரு புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் பொறுப்பாளர் அவர்கள்

பொருள்: கைக்கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கும், அதை வைத்துச் செயலி தரும் சாப்பாட்டு அளவும் தவறாக இருப்பது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்றும் ஒரே பதில்: பட்டையை இறுக்கமாகக் கட்டவும், சென்சாரை மென்மையான துணியால் துடைக்கவும், மென்பொருளை அப்டேட் செய்யவும். மூன்றையும் செய்தாயிற்று. இந்த முறையாவது யாராவது ஒருவர் கடைசி வரி வரை படிப்பார் என்ற நம்பிக்கையில் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு வயது 54, எடை 70 கிலோ. ஜனவரியில் உங்கள் வாட்சை வாங்கினேன். இளைக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை, இருக்கிற எடை ஏறாமல் இருந்தால் போதும். பெட்டியின் முன்பக்கத்தில் 'துல்லியமான கலோரி அளவீடு' என்று பெரிதாகப் போட்டிருந்ததை நம்பினேன். செயலி கேட்ட வயது, உயரம், எடை எல்லாம் கொடுத்தேன். நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை என்பதையும் மறைக்கவில்லை. அதற்கேற்ப ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒரு அளவு போட்டுக் கொடுத்தது. சரி, அது வரைக்கும் நியாயம்தான். ஆனால் காலையில் நடந்துவிட்டு வந்ததும், அந்த நடைக்கான கலோரியைத் தானாகவே அந்த அளவோடு கூட்டிவிட்டு, 'இன்று நீங்கள் கூடுதலாக 412 கலோரி சாப்பிடலாம்' என்று பச்சை எழுத்தில் வாழ்த்துச் சொல்லும்.

வாரத்தில் ஆறு நாள், 45 நிமிடம், 4.2 கிலோமீட்டர். எப்போதும் ஒரே பாதை. 12 வாரம் நாள் தவறாமல் நடந்தேன். கலோரி 412க்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. நீங்கள் கொடுத்த சலுகையை நானும் மிச்சம் வைக்கவில்லை. ஏப்ரலில் எடை பார்த்தால் 72.1 கிலோ.

அதற்கப்புறம்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். சும்மா இருக்கும் உடம்பு ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி செலவழிக்கிறது. இதை ஒரு மெட் என்பார்கள். நான் நடக்கும் வேகத்துக்கு, அதாவது மணிக்கு 5.6 கிலோமீட்டருக்கு, உடற்பயிற்சிப் பட்டியல்களில் 4.3 மெட் என்று இருக்கிறது. 70 கிலோவுக்கு முக்கால் மணி நேரம் என்றால் 226 கலோரி. அதிலும் நான் நடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே 50 கலோரி சொச்சம் செலவாகியிருக்கும். அந்த 50 ஏற்கெனவே உங்கள் செயலி போட்டுக் கொடுத்த தினசரி அளவுக்குள் இருக்கிறது. நடந்ததற்கென்று தனியாகச் சேர வேண்டியது 173தான். நீங்கள் கொடுத்தது 412. ஒரு நாளைக்கு 239 அதிகம், 72 நாளைக்கு 17,000க்கு மேல். ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. (உடம்பு இவ்வளவு ஒழுங்காகக் கணக்குக்குக் கட்டுப்படாது என்பது எனக்கும் தெரியும். கொஞ்சம் தற்செயலாகவும் பொருந்தியிருக்கலாம். ஆனாலும் எடை இயந்திரம் காட்டியது அதைத்தான்.)

412 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா? என் தங்கை மகன் ஓட்டப் பந்தயங்களுக்குப் போகிறவன். அவனிடம் நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்று இருந்தது, இரண்டு நாளைக்கு வாங்கி வந்தேன். உங்கள் வாட்ச் பச்சை விளக்கைத் தோலில் அடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்துத் துடிப்பை ஊகிக்கிறது. அந்தப் பட்டை இதயத்தின் மின் துடிப்பையே நேராகப் பிடிக்கிறது. இரண்டையும் கட்டிக்கொண்டு நடந்தேன். பத்தாவது நிமிடத்தில் பட்டை 108, வாட்ச் 126. எதை நம்புவது? நடையை நிறுத்தாமலே கழுத்தில் விரலை வைத்து 15 விநாடி எண்ணினேன். 27 துடிப்பு, நான்கால் பெருக்கினால் 108. பட்டை சொன்னதுதான் சரி. அப்படியானால் 126 யாருடையது என்று யோசித்துக்கொண்டே நடந்தபோது தோன்றியது, என் காலடியை எண்ணிப் பார்க்கலாமே என்று. ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். 126!

உங்கள் வாட்ச் என் இதயத்தை எண்ணவில்லை, காலடியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. கை வீசும்போது வாட்ச் லேசாகக் குலுங்கும், அந்தக் குலுக்கலும் ஒளியில் ஓர் ஏற்ற இறக்கமாகத்தான் தெரியும், அதையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். மணிக்கட்டில் அளக்கும் கருவிகளுக்கு இந்தக் குறை உண்டு என்பது ஓடுகிறவர்களுக்கெல்லாம் பழைய செய்தியாம். என் தங்கை மகன் சிரித்தான். பெட்டியில் ஒரு வரி எழுதியிருந்தால் நானும் அன்றைக்கே சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

உங்களுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் மூன்றாவது பதிலுக்குப் பிறகு, வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி இறுக்கிக் கட்டினேன். அதன் பிறகு துடிப்பு பெரும்பாலும் சரியாகவே வந்தது. கலோரி 330 ஆனது. 412லிருந்து 330. வாட்சை இரண்டு விரல் நகர்த்தியதற்கு 82 கலோரி!

இடையில் ஒரு நாள் உங்கள் சேவை மையத்துக்குப் போன் செய்து 22 நிமிடம் பேசினேன். பாதி நேரம் இசை கேட்டேன், மீதி நேரம் கோபப்பட்டேன். நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த 22 நிமிடத்துக்கு என் கணக்கில் 96 கலோரி வரவு வைத்திருக்கிறது வாட்ச். கோபத்தில் துடிப்பு ஏறியது உண்மை. அதற்காக உடம்பு அவ்வளவு வேலை செய்துவிட்டதாகக் கணக்கெழுதினால் என்ன அர்த்தம்? வெயில், பதற்றம், காய்ச்சல், தூக்கமின்மை எல்லாமே துடிப்பை ஏற்றும். இதில் எதுவும் நடையாகிவிடாது.

இனி சொல்லப் போவதுதான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது. மே மாதம் ஒற்றைத் தலைவலிக்காக டாக்டர் எனக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை மாத்திரை. சும்மா இருக்கும்போது 76 ஆக இருந்த துடிப்பு 61க்கு இறங்கியது. பத்து நாள் கழித்து உங்கள் செயலி எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தது! என் 'உடற்தகுதி வயது' 7 ஆண்டு குறைந்துவிட்டதாம். வண்ணக் காகிதங்கள் பறக்கும் படத்தோடு வாழ்த்து. ஒற்றைத் தலைவலியோடு படுத்திருந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

நடைக்குப் போனால் கதை தலைகீழ். அதே பாதை, அதே 45 நிமிடம், துடிப்பு 92, கலோரி 262. மாத்திரை சாப்பிட்டது நான்தான், ஆனால் என் எடையும் குறையவில்லை, பாதையும் சுருங்கவில்லை. கால்கள் செய்த வேலை அதேதான். அப்புறம் எப்படி 330 என்பது 262 ஆனது? துடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

கலோரி போகட்டும். 220லிருந்து வயதைக் கழித்து என் உச்சத் துடிப்பு 166 என்று வைத்திருக்கிறது செயலி. அதில் 60 சதவீதம், அதாவது 100, வந்தால்தான் அது நடையாம். மாத்திரைக்குப் பிறகு நான் 92ஐத் தாண்டுவதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை அதிர்கிறது: 'வேகம் போதாது, இன்னும் கொஞ்சம்!' நானும் முதல் இரண்டு நாள் சொன்னபடி வேகமாக நடந்து மூச்சு வாங்கி, ஒரு மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரிடம் சொன்னபோது, இந்த மாத்திரை சாப்பிடும்போது துடிப்பு எண்ணை நம்பி நடக்கக் கூடாது, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு இருந்தால் போதும் என்றார். செலவில்லாத அளவுகோல், சார்ஜும் போட வேண்டாம். உங்கள் செயலி என் உயரத்தைக் கேட்டது, பிறந்த தேதியைக் கேட்டது, எந்த வண்ணத்தில் முகப்பு வேண்டும் என்று கேட்டது. இதயத்துக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு நெஞ்சுப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதிவிடாதீர்கள். பட்டை துடிப்பைச் சரியாகச் சொல்லும், அவ்வளவுதான். துடிப்பிலிருந்து கலோரிக்குப் போகும் வழி அதற்கும் ஊகம்தான். உடம்பு எவ்வளவு செலவழிக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டுமானால் முகமூடி மாட்டி, உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனை அளக்கிறார்கள். ஒரு லிட்டர் ஆக்ஸிஜனுக்கு ஏறத்தாழ 5 கலோரி. ஒரே துடிப்பில் இரண்டு பேர் எடுக்கும் ஆக்ஸிஜன் ஒன்றாக இருக்காது. எடை தூக்குகிறவர்களுக்கு இன்னும் மோசம், துடிப்பு எகிறும், ஆக்ஸிஜன் அந்த அளவுக்கு ஏறாது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். ஏழில் ஆறு, துடிப்பை 5 சதவீதத்துக்குள் சரியாகக் காட்டின. கலோரியில், இருப்பதிலேயே நன்றாகச் செய்த கருவிக்கே சராசரியாக 27 சதவீதப் பிழை, மோசமானதற்கு 93 சதவீதம். இது எனக்கே தெரிகிறபோது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

தெரியும் என்பதற்கு அத்தாட்சி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்: 'காட்டப்படும் அளவுகள் மதிப்பீடு மட்டுமே.' முன்பக்கம் 'துல்லியம்', உள்பக்கம் 'மதிப்பீடு'. அந்த மடித்த தாளில் உள்ளதைத் திரையில் போடுவதில் உங்களுக்கு என்ன தடை? 412 என்று கடைசி இலக்கம் வரை சுத்தமாகக் காட்டினால் யாருக்குமே அது அளந்து வந்த எண் என்றுதான் தோன்றும். '150 முதல் 300 வரை இருக்கலாம்' என்று காட்டுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

எனக்கு வேண்டியது இதுதான். நடையின் கலோரியைச் சாப்பாட்டு அளவோடு தானாகக் கூட்டும் வேலையை முதலில் நிறுத்துங்கள். வேண்டும் என்கிறவர்கள் தாங்களே இயக்கிக்கொள்ளட்டும். அப்படிக் கூட்டினாலும், சும்மா இருந்தாலே செலவாகும் பங்கைக் கழித்துவிட்டுக் கூட்டுங்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று குறிக்க செயலியில் ஓர் இடம் வையுங்கள், குறித்தவர்களை வேகமாக நடக்கச் சொல்லி விரட்டாதீர்கள், பதக்கமும் கொடுக்காதீர்கள். மாத்திரை விஷயத்தை மட்டும் அடுத்த அப்டேட் வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம், என்னைவிட உடல்நலம் குன்றிய யாராவது அந்த அதிர்வுக்குக் கட்டுப்பட்டு வேகமாக நடந்துகொண்டிருக்கலாம். இவை முடியாது என்றால் வாட்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பெட்டி, சார்ஜர், ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

15 நாளுக்குள் பதில் வேண்டும். மூன்று வெவ்வேறு நாள்களின் நடைப் பதிவுகள், பட்டையும் வாட்சும் ஒரே நேரத்தில் காட்டிய எண்களின் படம், பதக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். சென்சாரை இன்று காலையும் துடைத்தேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(என் பதிவு எண் முந்தைய மூன்று கடிதங்களிலும் உள்ளது)