பாசி வளர்க்கும் மீன்வளத்துறைக்கும் பவளம் காக்கும் வனத்துறைக்கும்

வணக்கம். இரண்டு துறைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் "அது அவர்கள் வேலை" என்றுதான் பதில் வரும்.

விஷயம் கப்பாபைகஸ் பாசி. பாம்பன், மண்டபம் பக்கம் கேட்டால் பெப்சி பாசி என்பார்கள், அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் இதை வளர்க்கக் கொடுத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். பிலிப்பைன்ஸ் கடல் பாசி இது. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் காராஜீனன் இதிலிருந்துதான் எடுக்கிறார்கள். மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் ஒன்றரை மாதத்தில் அறுவடை, வீட்டுக்குக் கொஞ்சம் காசு. சரி, அந்தக் காசை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் இது பரவ விதையே வேண்டாம். மிதவையிலிருந்து பிய்ந்த ஒரு துண்டு போதும், போன இடத்தில் ஒட்டி வளர்ந்துவிடும். 2008-லேயே, பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் இருக்கும் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் இது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பவளம் கல் இல்லை, உயிர். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துக் கொடுப்பதைத் தின்றுதான் பெரும்பாலும் வாழ்கிறது. மேலே தடித்த பாய் மாதிரி இந்தப் பாசி மூடிக்கொண்டால் வெளிச்சம் போச்சு, அடுப்பு அணைந்த வீடுதான். 2010-லும் 2016-லும் கடல் சூடேறி வெளிறிப்போன பவளத்துக்கு இது இன்னொரு அடி. பவளம் செத்தால் பொந்தில் ஒளியும் சிங்கி இறாலும், கலவாயும், கிளிமீனும் எங்கே போகும்? ஓரா மீன் இந்தப் பாசியைக் கடிக்கும்தான், மிதவைக்கு அடியில் வலை கட்டுவது அதற்கும் பயந்துதான். ஆனால் தீவில் படர்ந்ததையெல்லாம் ஓரா தின்று தீர்க்கும் என்று நம்பி உட்கார முடியுமா?

மன்னார் வளைகுடாவில் இதை வளர்க்கக் கூடாது, பாக் நீரிணைப் பக்கம் வளர்க்கலாம் என்று 2005-ல் அரசாணை போட்டீர்கள். நல்லது. ஆனால் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் நீரோட்டம் பாக் நீரிணையிலிருந்து பாம்பன் கால்வாய் வழியாகத் தெற்கே இறங்கும் என்பது வள்ளம் ஓட்டும் எவருக்கும் தெரியும். இறங்கியதும் எதிரே நிற்பது குருசடை. இப்போது 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில், பாசி வளர்ப்பைப் பெருக்கப் பாசிப் பூங்கா வேறு வருகிறது. மிதவை கூடினால் துண்டும் கூடும், இல்லையா?

இதில் எனக்கு ஆறாத ஒன்று. சின்னப்பாலத்திலும் பாரதிநகரிலும் தலைமுறையாகப் பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியைக் கையால்தான் பறிக்கிறார்கள், மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருதே கிடைத்தது. இந்தத் தீவுகள் தேசியப் பூங்கா, பவளம் கெடும் என்று சொல்லித் தீவுப் பக்கம் போகாமல் தடுப்பது அவர்களைத்தான். அனுமதியோடு வந்த பாசி மட்டும் தீவிலேயே குடியிருக்கிறது!

அதனால் நான் கேட்பது இதுதான். பாசிப் பூங்காவில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி மாதிரி நம் கடலின் பாசிக்கு முதல் இடம் கொடுங்கள். கப்பாபைகஸ் மிதவை வைக்கிறவர்கள் வாடைக்கு முன்னால் அறுத்துக் கரையேற்றிவிட வேண்டும் என்று விதி போடுங்கள், அந்த மாதங்களின் வருமானத்துக்கு ஈடும் கொடுங்கள். அப்புறம், குருசடையில் படர்ந்ததை அகற்றும் வேலையை அந்தப் பெண்களிடமே தினக்கூலி பேசி ஒப்படையுங்கள். எந்தத் துண்டு எந்தப் பாசி என்று தொட்டே சொல்வார்கள், பவளத்தை மிதிக்காமல் எப்படி நிற்பது என்பதும் தெரியும். ஐப்பசியில் வாடை தொடங்கிவிடும், அதற்குள் ஒருமுறையாவது அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன்காரன் ஒருவன்