ஊட்டிக் குளத்திலிருந்து

ஊட்டி,
தை மாதம்

அன்புள்ள மாப்ள,

மூன்று கடிதம் போட்டாய், ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. திட்டுவதை எல்லாம் திட்டி முடித்துவிட்டு இதைப் படி. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன மாதம் மேட்டுப்பாளையத்தில் பெரியவரைப் பார்த்தேன். அதே ஸ்கூட்டர், அதே கேள்வி: "அந்தக் குடை எங்கே?" உன்னைத்தான் கேட்கிறார், நீயே பதில் சொல்லிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஹோட்டல் நீச்சல் குளத்து ஹீட்டர் போய்விட்டது. வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடக்க இருந்தது, கடைசி நேரத்தில் தப்பியது. அதை உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

ஐப்பசியில் குளத்துச் சுவரில் லேசாகப் பச்சை படர்ந்தது. பாசி என்று நினைத்துக் குளோரினை அள்ளிப் போட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருந்தது, சுவர் மட்டும் இன்னும் பச்சையானது. பிறகு ஒரு பாட்டி குளித்துவிட்டு வந்தார்கள், அவர்களுடைய வெள்ளை முடியில் பச்சை ஏறியிருந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாசி முடியில் ஒட்டாது, செம்பு ஒட்டும். குளத்தில் செம்பு எங்கிருந்து வரும்? ஹீட்டருக்குள் இருக்கும் குழாயிலிருந்துதான்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். குழாய் காகிதமாக மெலிந்து, ஊசி ஓட்டை விழுந்து, சுற்றிலும் நீலப் பச்சைக் களிம்பு. தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும்) பார்த்தால் சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விழுந்ததும் வெறும் மஞ்சள். 7.2 முதல் 7.6 வரை இருக்கவேண்டியது 6.8-க்கும் கீழே கிடந்தது.

உங்கள் அம்மா செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார்களே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு தேய்ப்பிலும் துளித் துளியாகச் செம்பு போகும். ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கவே விடமாட்டார்கள். நான் அந்தப் புளித்தண்ணீரை இரண்டு வருடமாக ஹீட்டருக்குள் ஓட விட்டிருக்கிறேன். குளோரின் மாத்திரையை ஸ்கிம்மர் கூடையிலேயே, அதாவது தண்ணீர் பம்புக்குப் போகும் வழியில் குப்பையைப் பிடிக்கும் கூடையிலேயே, போட்டுவைத்தேன், அதுதான் காரணம். அந்த மாத்திரை கரைந்தால் கடும் புளிப்பு. ராத்திரி பம்பை நிறுத்திய பிறகும் அது கூடைக்குள் கரைந்துகொண்டே இருக்கும். காலையில் பம்பைப் போட்டதும் அந்தக் காட்டத் தண்ணீர் முதலில் போய் இறங்குவது ஹீட்டர் குழாயில்தான். போதாததற்கு, நாங்கள் நிரப்புவது மழைத்தண்ணீர். அதில் காரத்தன்மை ரொம்பக் குறைவு, கொஞ்சம் அமிலம் சேர்ந்தாலே பி.எச். சரிந்துவிடும்.

இப்போது மாத்திரைக்குத் தனி டப்பா வைத்திருக்கிறேன், ஹீட்டரைத் தாண்டிய பிறகு, நடுவில் தண்ணீரைத் திரும்பி வர விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வோடு. ஆப்பச் சோடா நாலு கிலோவை நாலு நாளாகப் பிரித்துப் போட்டேன். நாற்பதாயிரம் லிட்டர் குளத்தில் காரத்தன்மை லிட்டருக்கு 30 மில்லிகிராமிலிருந்து 90-க்கு வந்தது, பி.எச். அதன் பிறகு சரியவே இல்லை. ஹீட்டர் விற்றவர்கள் ஆளைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள், இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் சொல்லாத இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இது எல்.பி.ஜி. ஹீட்டர். நாங்கள் இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். இங்கே காற்று சமவெளியைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெலிசு. அதற்கு ஏற்றபடி நாசிலை, அதாவது காஸ் வெளியே வரும் துளையை, மாற்றாமலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நெருப்பு நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தது, பெட்டிக்குள் கரி படிந்தது. நானும் துடைத்துத் துடைத்து வைத்தேன், ஏன் படிகிறது என்று கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. விடிகாலையில் போனால் வாட்ச்மேன் தாத்தாவைக் காணோம். குளிருக்கு அடக்கமாக ஹீட்டர் அறைக்குள் படுத்திருக்கிறார். காற்று வராமல் இருக்க ஜன்னல் கம்பியில் சாக்கு அடைத்திருக்கிறார். தட்டினால் பேச்சு குழறுகிறது, தலை பிளக்கிறது என்கிறார், எழுந்து நிற்க முடியவில்லை. தூக்கி வெளியே புல்லில் போட்டேன். கார்பன் மோனாக்சைடு, மாப்ள, சரியாக எரியாத அந்த நெருப்பிலிருந்து வந்த விஷவாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அவரை உயிரோடு பார்த்திருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தார். "அங்கே கதகதன்னு இருந்துச்சு சார்" என்று என்னிடம் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கு ஒரு நல்ல கம்பளி நான் முன்னாலேயே வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது கம்பளி இருக்கிறது. அறைக் கதவுக்கு மேலும் கீழும் ஓட்டை போட்டாயிற்று, அலாரமும் மாட்டியாயிற்று.

அப்புறம் மேனேஜர் கதை. தண்ணீர் சீக்கிரம் சூடாகட்டும் என்று தெர்மோஸ்டாட்டை 38-க்குத் திருகி வைப்பார். எத்தனையில் வைத்தாலும் பர்னர் எரிவது அதே வேகம்தான், எங்களுக்கு வேண்டிய 28 டிகிரியைத் தாண்டியும் நிற்காமல் எரியும், அவ்வளவே. எங்கள் குளத்தை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 46 யூனிட் வெப்பம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 லிட்டரை ஒரு டிகிரி குளிரவைத்துவிட்டுப் போகும் என்று சொன்னதும்தான் மூடு விரிப்பு வாங்கிக் கொடுத்தார். பழைய ஹீட்டர் ஓடிய கடைசி வாரங்களில் ராத்திரி விரிப்பை இழுத்துவிட்டோம். வாரம் எட்டு சிலிண்டர் ஆனது நாலுக்கு வந்தது.

இப்போது உன் உதவி வேண்டும். நீ துபாயில் கோடைக்குக் குளத்தைக் குளிரவைக்கிற ஆள், தண்ணீரிலிருந்து சூட்டை வெளியே எடுக்கிற அதே ஹீட் பம்ப்பைத்தான், காற்றுச் சூட்டைத் தண்ணீருக்குள் தள்ளுகிற மாதிரி, இங்கே வாங்கலாமா என்று பார்க்கிறேன். டைட்டானியம் குழாய் என்றால் குளோரினுக்குப் பயப்பட வேண்டாம். நெருப்பே இல்லை என்பதால் தாத்தா பற்றிய பயமும் போய்விடும். ஆனால் இங்கே ராத்திரி நாலைந்து டிகிரிக்கு இறங்குகிறது. காற்றிலிருந்து சூட்டை எடுக்கிற காயிலில் பனி கட்டிவிடாதா? தானாக டீஃப்ராஸ்ட் ஆகும் என்கிறார்கள், அதில் எவ்வளவு நேரம் வீணாகும்? வெயில் இருக்கும் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை மட்டும் ஓட்டிவிட்டு, ராத்திரி விரிப்பு போட்டு மூடலாம் என்பது என் யோசனை. அப்படியானால் எத்தனை கிலோவாட் மெஷின் எடுக்கட்டும்? தண்ணீர் 16 டிகிரியில் கிடக்கிறது, 28 வேண்டும். நீ கணக்குப் போட்டு எழுது. பங்குனிக்குள் ஆர்டர் கொடுத்தாக வேண்டும், சீசனுக்கு ஆள் வந்துவிடும்.

பெரியவர் குடையையும் மறந்துவிடாதே.

உன்,
பழைய ரூம்மேட்