மலைக்கிராம மாணவர்களின் மாலை நேர வீட்டுப்பாடத்துக்கு உதவி கோரும் மனு

அனுப்புநர்
மாணவர்களின் தாய்மார்கள் சார்பில்,
முன்னாள் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்,
நாகலூர் ஊராட்சி, ஏற்காடு வட்டம்,
சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: மலைக்கிராம மாணவர்களுக்குத் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் வீட்டுப்பாடங்களில் உதவ மாலை நேரத்தில் ஆள் ஏற்பாடு செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

நாங்கள் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்கள். எங்கள் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பற்றி ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறோம். எழுதுவது நான் ஒருத்தி. கையெழுத்து ஊர்த் தாய்மார்கள் எல்லோருடையதும்.

2021 இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்று மூன்றாம், நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் இன்று ஏழு, எட்டு படிக்கிறார்கள். பழகிய இடம் என்று இன்னும் அந்தத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். அண்ணன், அக்காக்களையும் கூட்டி வருகிறார்கள். வகுப்பு ஏற ஏறக் கேள்விகளும் ஏறிவிட்டன. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் குறளை அலகிட்டு வாய்பாடு எழுத வேண்டும் என்று நோட்டை நீட்டினான். நேர், நிரை என்று பிரிக்கத் தொடங்கி மூன்றாம் சீரில் நின்றுவிட்டேன். நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் அந்தத் தப்பு பரீட்சை வரைக்கும் அவனோடு போகுமே என்ற பயம்.

கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் தேடுகிற பெற்றோர்கூடத் தமிழுக்குத் தேடுவதில்லை. வீட்டில் பேசுவதுதானே, தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். வருவதில்லை, ஐயா. வீட்டில் பேசுகிற தமிழ் வேறு, தேர்வில் எழுதுகிற தமிழ் வேறு. பத்தாம் வகுப்பில் தமிழில் 35 வாங்காவிட்டால் மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் தேர்ச்சி இல்லை. இலக்கணம், பத்தியைப் படித்து விடை எழுதுவது, வரலாறு, குடிமையியல் இவற்றில்தான் எங்கள் பிள்ளைகள் தனியாக விடப்படுகிறார்கள்.

திண்ணையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பத்தியைப் படித்து விடை எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். கேள்வியில் உள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, விரலை வரிவரியாக ஓட்டி, பத்தியில் அந்தச் சொல் எங்கே வருகிறதோ அந்த வரியை முற்றுப்புள்ளி வரை அப்படியே எழுதினாள். யார், எங்கே என்ற கேள்விகளுக்கு இது சரியாக அமைந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால் மாட்டிக்கொள்கிறாள். அவள் அந்தப் பத்தியைப் படிக்கவே இல்லை, தேடித்தான் இருக்கிறாள்.

மறுநாள் நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். 'காப்பிச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். அதனால் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் வளர்க்கிறார்கள். அந்த மரங்களில் மிளகுக்கொடியை ஏற்றுகிறார்கள்.' இவ்வளவுதான். தோட்டத்து மரங்களை எல்லாம் வெட்டிவிட்டால் என்னென்ன நஷ்டம் என்று கேட்டேன். 'வெட்டி' என்ற சொல்லைத் தேடினாள். கிடைக்கவில்லை. "அக்கா, இதுல பதிலே இல்ல" என்றாள். உங்கள் அம்மா வேலை செய்கிற தோட்டத்தை நினைத்துப் பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெயில் பட்டுச் செடி காஞ்சிடும். அப்புறம் மிளகும் போயிடும்" என்றாள். அதை அவள் சொல்லிலேயே இரண்டு வரியாக எழுத வைத்தேன். இந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் ஆனது. அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மிளகே இலக்கணத்துக்கும் உதவியது. 'மிளகு கொடு' என்றால் நடுவில் ஒற்று வராது. 'மிளகைக் கொடு' என்றால் வரும். 'மிளகுக்கொடி'யிலும் வரும். பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஏன் அப்படி என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்டபோது, இரண்டாம் வேற்றுமை வரைதான் என்னால் சொல்ல முடிந்தது. மிளகுக்கொடிக்கு என்ன விதி என்று அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வரலாறும் அப்படியே. காலக்கோட்டில் 1930, வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் என்று மனப்பாடமாக எழுதுகிறார்கள். திருச்சியிலிருந்து அந்த நடைப்பயணத்தை நடத்திய ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 இல் சேலம் நகராட்சித் தலைவரானவர் என்று சொன்னதும் ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, "நம்ம சேலமா?" என்றான். அந்தக் கேள்வியில் தொடங்கியிருந்தால் அவனுக்கு மனப்பாடமே தேவைப்பட்டிருக்காது.

பள்ளி ஆசிரியர்கள் மேல் எங்களுக்குக் குறை இல்லை. வகுப்பில் இத்தனை பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையோடும் அரை மணி நேரம் உட்கார அவர்களால் முடியாது. வீட்டிலோ நாங்கள் இருட்டும் நேரத்தில்தான் வருகிறோம். பலருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். பிள்ளை கைடைத் திறந்து பார்த்து எழுதுகிறது. நோட்டு நிறைந்திருப்பதைப் பார்த்து நாங்களும் சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம்.

ஆகவே ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வாரம் மூன்று நாள், மாலை 5.30 முதல் 7.30 வரை, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளோடு உட்கார ஆள் வேண்டும். பி.ஏ., பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் எங்கள் மலைப் பிள்ளைகளே ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில நாள் பயிற்சியும் மாதம் ஒரு மதிப்பூதியமும் கொடுத்தால் போதும். சேலத்திலிருந்து தினமும் ஒருவர் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறி, இருட்டில் திரும்ப இறங்குவது நடக்காது. ஆனால் பெரியார் பல்கலைக்கழகத்தில் தமிழ், ஆங்கிலம், வரலாறு படிக்கும் மாணவர்கள் சனிக்கிழமை பகலில் வந்துபோகலாம். பேருந்துச் செலவை அரசு ஏற்க வேண்டும்; மதியச் சாப்பாடு எங்கள் வீடுகளில். போனில் சொல்லிக் கொடுக்கலாம் என்று யோசனை வந்தால், எங்கள் ஊரில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் விடையைச் சொல்லி எழுத வைக்கிறவராக இருக்கக் கூடாது. அதற்குக் கைடே இருக்கிறது. பிள்ளை தானாக விடைக்கு வரும் வரை பொறுத்திருக்கிறவர் வேண்டும்.

கூடவே ஒரு தமிழ் அகராதி, ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி, சுவரில் மாட்ட இந்திய வரைபடமும் தமிழ்நாட்டு வரைபடமும், மாவட்ட நூலகத்திலிருந்து மாதம் ஒரு பெட்டி கதைப் புத்தகங்கள் மாற்றி மாற்றிக் கிடைக்க உத்தரவிட வேண்டுகிறோம். பாடப் புத்தகம் தவிர வேறு எதையும் வாசிக்காத பிள்ளைக்குப் பத்தி எப்படிப் புரியும்?

கூடத்தைப் பெருக்கிப் பாய் விரித்து வைப்பதும், வகுப்பு முடிந்து பிள்ளைகளை டார்ச் வெளிச்சத்தில் வீடு சேர்ப்பதும் எங்கள் பொறுப்பு. நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் நாங்கள் வீடு திரும்ப இன்னும் நேரமாகும். அதற்கு முன்பே இந்த வகுப்பு தொடங்க ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவர்களின் தாய்மார்கள்

இடம்: ஏற்காடு
இணைப்பு: தாய்மார்களின் கையெழுத்துப் பட்டியல்