கைகாட்டியில் ரவுண்டானா

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அங்கே வீட்டில் எல்லோரும் நலம்தானே? நம்ம கைகாட்டி முக்கில் என்ன வேலை நடக்கிறது என்று போனில் கேட்டாய். பாதியிலேயே லைன் போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை.

முதலில் வருத்தமானதைச் சொல்லிவிடுகிறேன். புளியமரம் போய்விட்டது. பஸ் பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாம் நின்ற அதே மரம். வெட்டிய அன்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் மன்னார்குடிப் பக்கமிருந்து வேகமாக வருகிற வண்டி, வாய்க்கால் கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிறவர் கண்ணில் படாமல் போனது அந்த மரத்தால்தான். உன் தங்கச்சி அடிபட்டதும் அந்த மறைவில்தானே. அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருந்ததால் முதல் இரண்டு நாள் சிகிச்சைக்குக் காசு கட்டச் சொல்லவில்லை. காலில் வைத்த பிளேட் இன்னும் இருக்கிறது. அடைமழை வந்தால் ராத்திரியெல்லாம் குடைகிறது என்கிறாள்.

இப்போது அங்கே ரவுண்டானா வருகிறது. சிக்னல் போட்டால் போதாதா என்று வேலை பார்க்க வந்த இன்ஜினியர் பையனிடம் கேட்டேன். டீக்கடைப் பெஞ்சில் கிளாஸ் ஈரத்தைத் தொட்டு நாலு ரோட்டை வரைந்தான். சாதாரண நாற்சந்தியில் ஒரு வண்டியின் வழியை இன்னொரு வண்டியின் வழி தொடுகிற இடம் 32. ஒரே வரிசையாகச் சுற்றுகிற ரவுண்டானாவில் அது 8. எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் நேருக்கு நேர் மோத வழியில்லை. வளைந்துதான் நுழைய வேண்டும், அதனால் வேகமும் தானாகக் குறையும். சிக்னலை ராத்திரியில் எவன் மதிக்கிறான் என்றான். நியாயம்தான்.

நெல் லாரி எப்படித் திரும்பும் என்பதுதான் என் கவலை. அறுவடை சமயத்தில் கொள்முதல் நிலையத்து மூட்டை லாரி, மெஷின் ஏற்றிய லாரி, டிராக்டர் எல்லாம் இந்த வழியாகத்தானே போகும். நடுத்திட்டைச் சுற்றி ஒரு சாண் கூட உயராமல் கல் பாவிய விளிம்பு கட்டுகிறார்கள். நீள வண்டியின் பின் சக்கரம் அதில் ஏறி இறங்கிக்கொள்ளும். பைக்கில் வருகிறவன் குலுங்கும் என்று ஒதுங்கிப் போவான். நல்ல யோசனை.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை போட்டேன். ரோட்டை அகலப்படுத்தி மேடாக்குகிறவர்கள் அடியில் பழைய ஒற்றைக் குழாயையே வைக்கப் பார்த்தார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே போகும்? மேற்கே நிற்கிற சம்பா நாற்று அழுகிவிடாதா? ஊரில் முப்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். இப்போது தண்ணீர் தாராளமாகப் போக, பெட்டி மாதிரி சதுர வழி விட்ட பாலமாகக் கட்டுகிறார்கள்.

நடந்து போகிறவர்களுக்குத்தான் இன்னும் சரியான வழி இல்லை. நேற்று ஒரு கிழவி, தலையில் கீரைக் கட்டு, ஒரு கையில் பேத்தி. மூன்று தடவை காலை எடுத்து வைத்துப் பின்வாங்கினாள். நான் கையைக் காட்டி லாரியை நிறுத்திய பிறகுதான் தாண்டினாள். பாதி ரோட்டைக் கடந்து மூச்சு வாங்க நிற்க ஒரு திட்டும், வெள்ளைக்கோடும், அதன்மேல் விழுகிற மாதிரி ஒரு விளக்கும் வேண்டும். வண்டி நிற்காமல் போவது மட்டும் நல்ல ரோட்டுக்கு அடையாளம் இல்லையே, மாப்ளே. திரும்பவும் மனு எழுதியிருக்கிறேன். நீ அரசாங்க ஆபீசில் இருந்தவன், படித்துப் பார்த்துத் திருத்தி அனுப்பு. இதோடு வைத்திருக்கிறேன்.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது பஸ் பழைய இடத்தில் நிற்காது. முக்கிலேயே நின்றால் பின்னால் அடைத்துக்கொள்கிறது என்று நிறுத்தத்தை மதகுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அங்கே இறங்கு. நான் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்