தோல்வி மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய போட்டிகளின்போது குடும்ப வன்முறை கூடினால், அணி தோற்ற ஆத்திரம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதை ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2002, 2006, 2010 கால்பந்து உலகக் கோப்பைகளின்போது காவல்துறையிடம் வந்த புகார்களை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் அவை 38 சதவீதம் கூடின. வென்ற, சமன் செய்த நாட்களிலும் 26 சதவீதம் கூடியிருந்தன. ஜெயித்தாலும் அடி விழுகிறதே!

மான்செஸ்டர் வட்டார ஆய்வு மதுவைச் சுட்டுகிறது. ஆட்டம் நடக்கையில் வன்முறை சற்றே குறைந்து, முடிந்தபின் மணிக்கு மணி ஏறுகிறது. சீக்கிரம் தொடங்கும் ஆட்டங்கள்தான் கூடுதல் ஆபத்து. குடிக்க நேரம் நிறைய. போட்டி அட்டவணை போடுபவர்களும் மது நிறுவனங்களின் விளம்பரப் பணத்தை வாங்குபவர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி