வண்டியை நிறுத்திய பிறகு குளிர்ப்பெட்டிக்கு என்ன ஆகிறது?
மின்வாகன விற்பனையாளர்களுக்கு ஹட்டனிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

இலங்கைக்கு மின்வாகனங்களை இறக்குமதி செய்கின்றவர்கள், அவற்றை இங்கே பொருத்தி விற்கின்றவர்கள், பெற்றோல் முச்சக்கரவண்டிகளை மின்வண்டிகளாக மாற்றிக் கொடுக்கின்றவர்கள் ஆகிய எல்லோருக்கும் பொதுவாகவே இம்மடலை எழுதுகிறேன். நான் ஹட்டன் பகுதியில் வாகன மின்வேலை செய்பவன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின்னர் வந்த புதிய மின்கார்களும், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஜப்பானிலிருந்து வந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நிசான் லீஃப் போன்ற பழைய கார்களும், மின்முச்சக்கரவண்டிகளும் என் கைக்கு வருகின்றன. அவற்றை வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் ஒரு கேள்விக்கு உங்கள் காட்சியறைகளில் தெளிவான பதில் கிடைப்பதாகத் தெரியவில்லை. பால், யோகட், மீன், மருந்து முதலியவற்றைக் குளிராக வைத்திருக்கும் பெட்டியை வண்டியில் எங்கே செருகுவது, வண்டியை நிறுத்திய பிறகும் அது வேலை செய்யுமா என்பதே அந்தக் கேள்வி.

மலைநாடே குளிர்தானே, அங்கே குளிர்ப்பெட்டி எதற்கு என்று கொழும்பில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது உண்மை. அது நமக்குக் கம்பளி தேடும் குளிர். பாலுக்கு அது குளிரே அல்ல. கறந்த பாலைச் சில மணித்தியாலங்களுக்குள் 4 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். திறக்காத இன்சுலின் குப்பி 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும், உறைந்தும் போகக்கூடாது. மேலும் இங்குள்ள வண்டிகள் மலையிலேயே சுற்றிக்கொண்டிருப்பவையும் அல்ல. காலையில் நானுஓயாவில் நடுங்கிக்கொண்டு புறப்பட்ட வண்டி நண்பகலில் அவிசாவளையின் புழுக்கத்தில் நிற்கிறது. மீன் வண்டியோ அதே பாதையில் கீழிருந்து மேலே வருகிறது.

இதைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் விற்பனைப் பிரதிநிதிகள், குளிர்ப்பெட்டியைப் போட்டால் ஓடக்கூடிய தூரம் குறைந்துவிடும் என்று எச்சரிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களும் சாமான்களுமாக 1,700 கிலோகிராம் உள்ள ஒரு கார் அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போகும்போது ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரம் ஏறுகிறது. அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே, நம் மின்பட்டியலில் வருகிற அலகின்படி, 8 அலகுக்குச் சற்று அதிகமாக வேண்டும். காற்றையும் டயரின் உராய்வையும் நான் இதில் சேர்க்கவில்லை. கொம்பிரசர் உள்ள ஒரு சிறிய குளிர்ப்பெட்டி ஓடும்போது 45 முதல் 60 வோட் எடுக்கும், ஆனால் விட்டுவிட்டுத்தான் ஓடும். சராசரி 40 வோட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஐந்து மணித்தியாலப் பயணத்துக்கு அது எடுப்பது 0.2 அலகு. ஏற்றத்தின் செலவில் நாற்பதில் ஒரு பங்கு கூட வராத இந்த மின்சாரத்துக்காக ஒருவர் மீனைக் கெடவிட வேண்டுமா? இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் பற்றரிக்குத் திருப்பிக் கொடுப்பதே இதைவிடப் பல மடங்கு.

ஆகவே பெரிய பற்றரியில் மின்சாரம் போதாமை பிரச்சினை அல்ல. அந்த மின்சாரம் பெட்டிக்கு வந்து சேரும் வழியில்தான் சிக்கல் இருக்கிறது. மின்காரில் இரண்டு பற்றரிகள் உண்டு என்பதே வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பற்றரி பெரும்பாலான கார்களில் 300, 400 வோல்ட் அளவில் இருக்கிறது. விளக்கு, ஹோர்ன், கதவுப் பூட்டு, கணினி, நீங்கள் கைத்தொலைபேசி சார்ஜர் செருகும் துளை எல்லாம் பழைய கார்களைப் போலவே ஒரு சிறிய 12 வோல்ட் பற்றரியை நம்பியிருக்கின்றன. வண்டி ஓடத் தயாரான நிலையில் இருக்கும்போது பெரிய பற்றரி, அதன் உயர்ந்த வோல்டை 12 வோல்ட் அளவுக்குக் குறைக்கும் ஒரு மாற்றியின் வழியாகச் சிறியதை நிரப்பிக்கொண்டிருக்கும். வண்டியை அணைத்தவுடன் அந்த மாற்றி பொதுவாக நின்றுவிடும். அதன்பின் நடப்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடுகிறது. பல கார்களில் அந்தத் துளையும் கூடவே செத்துவிடுகிறது. சிலவற்றில் துளை உயிரோடு இருந்து சிறிய பற்றரியை மெதுவாக உறிஞ்சிவிடுகிறது.

முதல் வகையில் நடப்பதைச் சொல்கிறேன். நீர்கொழும்பிலிருந்து மீன் ஏற்றிவரும் வேன் சாரதி கித்துல்கலயில் தேநீருக்கு நிறுத்துகிறார். அணைத்த கணத்தில் பின்னால் பெட்டியின் சிறு திரையில் 3 என்று எரிந்துகொண்டிருந்த இலக்கம் மறைகிறது. அவர் முன்னால் இறங்கிப் போய்விடுவதால் அதைக் காண்பதில்லை. தேநீர் சாப்பாடாக நீண்டு, திரும்பி வந்து வண்டியை எழுப்பும்போது இலக்கம் 9 ஆகியிருக்கும்; ஹட்டனுக்கு வருவதற்குள் மறுபடி 4க்கு இறங்கிவிடும். இறக்குகிறவர் பார்ப்பது அந்த 4ஐ மட்டுமே.

இரண்டாம் வகை இன்னும் வேடிக்கையானது. பெரிய பற்றரி எண்பது வீதம் நிறைந்திருக்கும், ஆனால் சிறிய பற்றரி வடிந்துபோனதால் கதவு திறக்காது, திரை எரியாது, பெரிய பற்றரியை இணைக்கும் சுவிட்சைப் போடக்கூட மின்சாரம் இருக்காது. இப்படி நின்றுபோன கார்களை எழுப்ப என்னை அழைத்தவர்கள் எல்லோரும் வண்டியில் பெரிய கோளாறு என்றே நினைத்திருந்தார்கள். கைநூலைப் பார்க்கலாம் என்றால், ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளில் அது ஜப்பானிய மொழியில் இருக்கிறது, திரையும் அப்படியே.

இதற்கு உலகில் தீர்வு இல்லாமலில்லை. 2021இல் அறிமுகமான ஹியுண்டாய் அயோனிக் 5 போன்ற கார்கள் பெரிய பற்றரியிலிருந்து நேராக 230 வோல்ட் மின்சாரத்தை 3.6 கிலோவோட் வரை வெளியே கொடுக்கின்றன. சிறிய காரிலும் இந்த வசதி வரத் தொடங்கிவிட்டது. இங்கே இதை முகாம் போகிறவர்களின் ஆடம்பரமாகக் காட்டி விற்கிறீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண்சரிவால் வீதிகள் மூடப்பட்டு மலையகத்தில் பல இடங்களில் மின்சாரமும் இல்லாமல் போனதையும் பார்த்த எங்களுக்கு, அது மருந்துப் பெட்டியைக் காக்கும் வசதியாகத் தெரிகிறது. ஒரே ஒரு குறையைச் சொல்லிவிடவேண்டும். வண்டி தன்னை விழிப்பாக வைத்திருப்பதற்கே சிறிய குளிர்ப்பெட்டியைவிட அதிகம் செலவிடக்கூடும். வண்டியோடு அதையும் சொல்லி விற்பதுதான் நேர்மை.

மின்முச்சக்கரவண்டிகளைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க முடியவில்லை. தோட்டங்களுக்கு மீனும் யோகட்டும் ஐஸ்பழமும் கொண்டுபோகிறவர்களில் பெரும்பாலோருக்கு வாகனம் என்றால் ஓட்டோதான். மின் ஓட்டோவின் பற்றரி 7, 8 அலகு கொள்ளும் என்றால், ஆறு மணித்தியாலம் பெட்டியை ஓட்ட அதில் ஏறத்தாழ 3 வீதம் போதும். ஆனால் அதன் 12 வோல்ட் மாற்றி விளக்குக்கும் ஹோர்னுக்கும் மட்டும் அளந்து பொருத்தப்பட்டது. 60 வோட் பெட்டி ஓடும்போது 5 அம்பியர் கேட்கும், கொம்பிரசர் கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல் சில மடங்கு கேட்கும், மாற்றி தாங்காது. அப்போது வாங்கியவர் என்ன செய்கிறார்? ஈயப் பற்றரிகள் நான்கு வரிசையாக உள்ள வண்டியாக இருந்தால், ஓரத்தில் இருக்கும் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்து 12 வோல்ட் எடுத்துக்கொள்கிறார். அந்த ஒரு பற்றரி மற்ற மூன்றுக்கும் முன்பே வடிந்து, நிரப்பும்போது மற்றவை அளவுக்கு மேல் நிரம்பி, கடைசியில் நான்கும் கெடுகின்றன. லிதியம் பற்றரியில் அப்படி நடுவில் கைவைப்பது தீயோடு விளையாடுவது. வயரையோ பின்கதவுக்கு அடியில் விட்டு, அது நசுங்கி ரப்பர் உரிந்து செம்பு தெரிய ஓடும் வண்டிகளும் வருகின்றன. வண்டியை அணைக்காமலே விட்டுவிட்டு இறங்கிப் போகிறவர்களும் உண்டு. சத்தமில்லாத வண்டி என்பதால் யாராவது பிள்ளை ஏறி வேகம் கூட்டும் கைப்பிடி முறுக்கியைத் தொட்டால் அது சரிவில் பாயும். இவையெல்லாம் வாங்கியவரின் அறியாமை என்று நீங்கள் சொல்லலாம். முறையான ஓர் இணைப்பை வைத்துக் கொடுத்திருந்தால் ஒருவரும் இதைச் செய்யமாட்டார்.

வண்டியோடு சேர்த்து இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுக்கப்படும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் பல கொம்பிரசர் இல்லாதவை. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிரும் தகடுதான் அவற்றில் வேலை செய்கிறது. அது சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 15 முதல் 20 பாகை வரை குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். அதை நுவரெலியாவில் செருகிப் பார்த்தால் உள்ளே சில்லென்று இருக்கும், வாங்குகிறவர் மகிழ்ந்துபோவார். அதே பெட்டி அவிசாவளையில் 32 பாகையில் 12க்குக் கீழே இறங்கத் திணறும். மலையில் சோதித்துக் கீழே நம்புகிற இந்தப் பொறி, எங்கள் பகுதி வாடிக்கையாளர்களுக்கென்றே வைத்ததுபோல இருக்கிறது.

கொம்பிரசர் பெட்டியையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. குளிர்ந்ததைக் குளிராகக் காப்பதற்கே அது ஏற்றது. சூடானதைக் குளிர்விக்கும் வலு அதற்கில்லை. கறந்த சூட்டோடு 20 லீற்றர் பாலை 5 பாகைக்கு இறக்க வேண்டுமென்றால் சிறிய பெட்டி ஓர் இரவு முழுவதும் முனகிக்கொண்டிருக்கும். அதே வேலையை ஏறத்தாழ 7 கிலோகிராம் ஐஸ் செய்துவிடும், ஏனெனில் ஒரு கிலோகிராம் ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. ரெஜிபோம் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு மீன் விற்ற எங்கள் ஆட்களிடம் இந்த இலக்கம் இருக்கவில்லை, வேலை தெரிந்திருந்தது. ஆகையால் மின்வாகனத்துக்கு மிகவும் பொருந்தும் முறை எனக்கு இதுவாகவே படுகிறது: இரவில் வண்டி மின்னேற்றத்தில் இருக்கும்போதே, அதே சுவர் மின்சாரத்தில் பெட்டியையும் குளிர்வித்து, தண்ணீர் அடைத்த தட்டுகளை உறையவைத்துவிட வேண்டும். நல்ல காப்புள்ள சிறிய பெட்டிக்கு 3 கிலோகிராம் ஐஸ் ஒரு பகலுக்குப் போதும். பகலில் பற்றரியைத் தொடவே தேவையில்லை. ஐஸ்கிரீமுக்கு மட்டும் இது போதாது. அதற்கு உப்புக் கரைசல் தட்டு வேண்டும், 23 வீத உப்புக் கரைசல் முழுதாக உறைவது மைனஸ் 21 பாகையில், வீட்டு உறைவிப்பானோ மைனஸ் 18இல் நின்றுவிடும், அதனால் அந்தத் தட்டை வீட்டில் முழுதாக உறையவைக்க முடியாது. மின்னேற்றம் நடக்கும்போது பெட்டிக்கும் மின்சாரம் வரும்படி ஒரு துளையை வைப்பது உங்களுக்கு எவ்வளவு செலவு? ஒரு அலங்கார விளக்கின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் உங்களிடம் கேட்பது பெரிதல்ல. விற்கின்ற ஒவ்வொரு மாதிரிக்கும், எந்தத் துளை எந்த நிலையில் எத்தனை அம்பியர் தரும், அணைத்த பின் எவ்வளவு நேரம் தரும், மின்னேற்றத்தின்போது தருமா என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் எழுதி வண்டியோடு கொடுங்கள். பொருள் ஏற்றும் வேன்களிலும் ஓட்டோக்களிலும் பெட்டிக்கென்று தனியாக, பியூசுடனும் குறைந்த வோல்டில் தானாகவே துண்டிக்கும் பாதுகாப்புடனும் ஓர் இணைப்பை நீங்களே பொருத்துங்கள். ஓட்டோவின் மாற்றியைக் குறைந்தது 15 அம்பியர் தாங்கக்கூடியதாக ஆக்குங்கள். பழைய வண்டிகளுக்கு அந்த இணைப்பை உங்கள் சேவை நிலையத்தில் விலைக்குப் பொருத்திக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வோம்.

கடைசியாக உத்தரவாதம் பற்றி. பெட்டிக்கு வயர் இழுத்த ஒரே காரணத்தைக் காட்டி, அதற்குச் சம்பந்தமே இல்லாத மோட்டார்க் கோளாறுக்கும் உத்தரவாதத்தை மறுத்த ஒரு விற்பனையாளரின் கடிதத்தை என் வாடிக்கையாளர் என்னிடம் காட்டினார். எந்த இடத்திலிருந்து, எத்தனை அம்பியர் பியூசோடு எடுத்தால் உத்தரவாதம் பாதிக்கப்படாது என்பதை எழுத்தில் தாருங்கள். அதன்படி வேலை செய்ய இங்குள்ள மின்வேலைக்காரர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். இதற்கான பதிலைத் தனித்தனியாக எங்களுக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் காட்சியறைகளிலும் சேவை நிலையங்களிலும் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
வாகன மின்வேலை செய்யும் ஒருவர்,
ஹட்டன்.